வாடிக்கையாளருக்கு ஒரு கிளை வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர் கொண்ட குழு. சரக்கு இருப்பையும் பில்லிங்கையும் கவனிக்கும் ஒரு மென்பொருளை ஆறு ஆண்டுகளாக உருவாக்கிப் பராமரித்துவருகிறோம். மொத்தம் பதினொரு வாடிக்கையாளர்கள். ஏழு பேருக்கு எங்கள் சர்வரிலேயே ஓடுகிறது. மற்ற நான்கு பேர் தங்கள் சர்வரில் நிறுவிக்கொண்டிருக்கிறார்கள். நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் மெயின், டெவலப், கியூ.ஏ. (தரச் சோதனை), யூ.ஏ.டி. (வாடிக்கையாளர் ஏற்புச் சோதனை), புரொடக்‌ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்துவது) என்று ஐந்து நிரந்தரக் கிளைகள், அதாவது ஒரே நிரலின் தனித்தனி வளர்ச்சிப் பாதைகள். அந்த நான்கு வாடிக்கையாளர்களுக்கும் தனித்தனியாக நான்கு கிளைகள். ரிலீஸுக்கு முந்தைய வாரம் முழுவதும் மெர்ஜ் செய்வதிலேயே, அதாவது கிளைகளை ஒன்றுசேர்ப்பதிலேயே, கழிகிறது. நான்கு மாதங்களுக்கு முன் திருத்திய ஒரு தள்ளுபடிக் கணக்குப் பிழை, சென்ற மாத ரிலீஸில் மறுபடியும் வந்து நின்றது. வாடிக்கையாளர் முன் தலைகுனிந்தோம். குழுவில் மூத்தவர் ஒருவர், “கிட்-ஃப்ளோ என்ற கிளை முறையை ஒழுங்காகப் பின்பற்றினால் எல்லாம் சரியாகும்” என்கிறார். புதிதாகச் சேர்ந்தவர், “கிளையே வேண்டாம், எல்லோரும் மெயினிலேயே வேலை செய்வோம்” என்கிறார். யார் சொல்வது சரி? கிளைகளுக்குப் பெயர் வைக்க முறை ஏதும் உண்டா? பழைய கிளைகள் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. அழித்தால் வரலாறு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு குழுத் தலைவர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்க வைத்தது அந்தத் தள்ளுபடிப் பிழைதான். கிட்-ஃப்ளோவா, மெயின் மட்டுமா என்ற வாதத்தைப் பிறகு பார்க்கலாம். புதைத்த பிழை எழுந்து வருகிறதென்றால், உங்கள் கிளைகளுக்கு நடுவே திருத்தங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது யாருக்கும் தெரியவில்லை என்று பொருள். முதலில் அதைப் பேசுவோம்.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வாடிக்கையாளர் கூச்சலிட்டார், அவசரம். யாரோ ஒருவர் புரொடக்‌ஷன் கிளையிலேயே நேராகத் திருத்தி வெளியிட்டார். அதை டெவலப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்திருப்பார், அல்லது நினைத்திருக்கவும் மாட்டார். பிறகு டெவலப்பைப் புரொடக்‌ஷனில் மெர்ஜ் செய்தபோது, கிட் அந்தத் திருத்தத்தைத் தானாகத் தூக்கி எறிந்திருக்காது. அந்த விஷயத்தில் கிட் நியாயமானது. ஆனால் இடைப்பட்ட நான்கு மாதங்களில் டெவலப்பில் அதே வரிகளை வேறு யாரோ மாற்றியிருப்பார்கள். இரண்டும் மோதியிருக்கும். மெர்ஜ் வாரத்தின் மூன்றாம் நாள் இரவில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவர், “டெவலப்பில் இருப்பதுதானே புதியது” என்று அந்தப் பக்கத்தையே முழுதாக எடுத்துக்கொண்டிருப்பார். திருத்தம் அங்கேதான் செத்தது.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன், அதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. அந்தக் கோப்பின் வரலாற்றைக் கிட்டிடம் வழக்கம்போலக் கேட்டால், நான்கு மாதங்களுக்கு முந்தைய அந்தத் திருத்தமே கண்ணில் படாமல் போகலாம். மெர்ஜின் முடிவில் அந்தக் கோப்பு ஒரு பக்கத்தோடு அச்சு மாறாமல் ஒத்துப்போனால், மறுபக்கத்தின் வரலாற்றைக் கிட் சுருக்கி மறைத்துவிடும். “முழு வரலாற்றையும் காட்டு” என்ற விருப்பத்தைத் தனியாகச் சேர்த்துக் கேளுங்கள். திருத்தியவர் “நான் திருத்தினேன்” என்று சத்தியம் செய்ய, வரலாறு “அப்படி எதுவும் இல்லை” என்று கைவிரிக்க, நல்ல நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மருந்து ஒரே ஒரு விதி. திருத்தம் முதலில் மெயினுக்குள் போகட்டும். அங்கிருந்து, தேவைப்படும் ரிலீஸ் கிளைக்கு அந்த ஒரு கமிட்டை (பதிவுசெய்த மாற்றத்தை) மட்டும் செர்ரி-பிக் செய்து, அதாவது நகலெடுத்து, எடுத்துப்போங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் ஸ்டேபிள் (வெளியிட்டபின் பராமரிக்கும்) கிளைகள் பல ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கின்றன: ஒரு திருத்தம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மெயின் கிளையில் ஏற்கெனவே இருந்தால்தான், அதையோ அதற்கு இணையானதையோ பழைய பதிப்புகளுக்கு ஏற்றுக்கொள்வார்கள். காரணம் எளிது. மெயினில் போட்டுவிட்டு ரிலீஸுக்கு எடுத்துப்போக மறந்தால், வாடிக்கையாளர் இன்றே திரும்ப அழைத்து நினைவூட்டுவார். ரிலீஸில் போட்டுவிட்டு மெயினை மறந்தால் இன்று எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார்கள். நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும். மறதி எப்படியும் வரும். உடனே வலிக்கும் மறதியைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

செர்ரி-பிக் செய்யும்போது எக்ஸ் (-x) என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செர்ரி-பிக் செய்த கமிட்டுக்குப் புது அடையாள எண் கிடைக்கும். மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள உறவைக் கிட் தானாகப் பதிவு செய்யாது. அந்த விருப்பம் மூல கமிட்டின் எண்ணைக் குறிப்பில் எழுதிவைக்கும். ஓர் ஆண்டு கழித்து “இந்தத் திருத்தம் எந்தெந்தப் பதிப்பில் இருக்கிறது?” என்று யாராவது கேட்டால், தேடிச் சொல்ல அதுதான் கைகொடுக்கும். விதிக்கு விலக்கும் உண்டு: மெயினில் அந்தப் பகுதியையே நீக்கி எழுதிவிட்டீர்கள், பழைய பதிப்பில் மட்டும் பிழை இருக்கிறதென்றால், அங்கேயே திருத்துங்கள். ஆனால் ஏன் என்று கமிட் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

இனி கிளைகளுக்கு வருவோம்.

தமிழில் நாம் கிளை என்று சொல்லிவிட்டோம், அது சற்று ஏமாற்றுகிற சொல். மரத்தின் கிளை பிரிந்தால் பிரிந்ததுதான். அடிமரத்துக்குத் திரும்பி வராது. நிரலில் நமக்கு வேண்டியது ஆற்று நடுவே திட்டு வந்தால் நீர் இரண்டாகப் பிரிந்து, திட்டைத் தாண்டியதும் ஒன்று சேர்கிறதே, அதுபோன்ற பிரிவு. உங்களிடம் இருக்கும் ஒன்பது நிரந்தரக் கிளைகளும் மரக் கிளைகள்.

கிளையை உருவாக்குவது கிட்டில் வெட்கப்படும் அளவுக்கு மலிவு. ஒரு கிளை என்பது 40 எழுத்துகள் கொண்ட ஒரு கமிட் எண்ணும் வரி முடிவும் சேர்ந்த 41 பைட் கோப்பு, அவ்வளவுதான். 2005 ஏப்ரலில் கிட் பிறப்பதற்கு முன் சி.வி.எஸ்., சப்வெர்ஷன் ஆகிய பழைய கருவிகளோடு காலம் தள்ளியவர்களுக்கு இது அதிசயமாக இருந்தது. சப்வெர்ஷனில் எந்த மாற்றத்தை ஏற்கெனவே மெர்ஜ் செய்தோம் என்பதைக்கூட 2008-இல் வந்த 1.5 பதிப்பு வரை நாமே நோட்டில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பயத்திலேயே யாரும் கிளை பிரிக்க மாட்டார்கள். இப்போது பயம் போய்விட்டது. ஆனால் மலிவானது பிரிப்பது மட்டும். சேர்ப்பதன் விலை அப்படியேதான் இருக்கிறது.

ஏன்? மெர்ஜ் என்பது உரையை மட்டும் பார்க்கும் வேலை. இரண்டு கிளைகளின் முனைகளையும், இரண்டும் பிரிந்த பொது மூதாதை கமிட்டையும் கிட் எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாறிய வரிகளை அப்படியே ஏற்கிறது; இரு பக்கமும் வெவ்வேறாக மாறிய இடத்தில் மோதல் என்று நிறுத்துகிறது. பொருள் அதற்குத் தெரியாது. உங்கள் தள்ளுபடியையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன் கிளையில், தள்ளுபடி கணக்கிடும் செயல்கூறு (ஃபங்ஷன்) இதுவரை சதவீதமாகத் தந்ததைத் தொகையாகத் தரும்படி மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் ஒழுங்காகச் சரிசெய்கிறார். அதே வாரம் இன்னொருவர் இன்னொரு கிளையில் ஒரு புதிய அறிக்கையை எழுதுகிறார். அதில் அதே செயல்கூற்றை அழைத்து, வருவது சதவீதம் என்று நம்பிக் கணக்குப் போடுகிறார். இரண்டும் வெவ்வேறு கோப்புகள். மெர்ஜில் ஒரு மோதலும் வராது. இரு கிளைகளிலும் டெஸ்ட் பச்சை. சேர்ந்த பிறகு அறிக்கை முழுவதும் பொய். மோதல் என்று கிட் கத்துவது நல்ல செய்தி. அது வாயைத் திறக்காத இடங்கள்தான் ஆபத்து. கிளைகள் பிரிந்திருக்கும் காலம் நீள நீள, இப்படிப்பட்ட ஊமை மோதல்கள் பெருகிக்கொண்டே போகும். இரண்டு நாளில் திரும்பும் கிளையில் இது அரிது. மூன்று மாதக் கிளையில் நிச்சயம். ஆறு ஆண்டுக் கிளையைப் பற்றி என்ன சொல்ல?

எனவே நான் எந்தக் குழுவுக்கும் போனதும் ஒவ்வொரு கிளையையும் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பேன்: இந்தக் கிளை எதைப் பிரித்துக் காட்டுகிறது? “எப்போது” என்பதைப் பிரித்துக் காட்டினால் சரி. இன்னும் முடியாத வேலை, அல்லது ஏற்கெனவே வெளியிட்ட பதிப்பு — இரண்டுமே காலத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் முடிவுத் தேதி உண்டு. “எங்கே ஓடுகிறது”, “யாருக்காக” என்பதைப் பிரித்துக் காட்டினால், அந்த வேலையைக் கிளையிடம் கொடுத்ததே தவறு. உங்கள் கியூ.ஏ., யூ.ஏ.டி., புரொடக்‌ஷன் மூன்றும் “எங்கே” கிளைகள். வாடிக்கையாளர் கிளைகள் நான்கும் “யாருக்கு” கிளைகள். ஒன்பதில் ஏழுக்கு முடிவுத் தேதியே கிடையாது.

“எங்கே” கிளைகளை ஒழிப்பது எளிது. இப்போது நீங்கள் கியூ.ஏ. கிளையில் சோதித்துவிட்டு, அதைப் புரொடக்‌ஷனில் மெர்ஜ் செய்து, அங்கே புதிதாக பில்டு எடுக்கிறீர்கள், அதாவது நிரலை ஓடும் பொட்டலமாக்குகிறீர்கள். சோதித்தது ஒன்று, வெளியே போவது இன்னொன்று. நடுவில் ஒரு மெர்ஜ், ஒரு புது பில்டு, ஒருவேளை அன்று காலை புதிதாக வந்த ஒரு சார்பு நூலகம் (உங்கள் நிரல் நம்பியிருக்கும் பிறர் நிரல்). அதற்குப் பதில் மெயினிலிருந்து ஒரே ஒரு முறை பில்டு எடுங்கள். அதற்கு ஓர் எண் கொடுங்கள். அந்த ஒரே பொட்டலம் கியூ.ஏ.வுக்குப் போகட்டும், தேறினால் யூ.ஏ.டி.க்கு, தேறினால் புரொடக்‌ஷனுக்கு. சர்வர் முகவரி, தரவுத்தளக் கடவுச்சொல் போன்ற இடத்துக்கு இடம் மாறும் விஷயங்கள் பொட்டலத்துக்கு வெளியே அமைப்புகளில் இருக்கட்டும். மூன்று கிளைகளை இரண்டு வாரத்தில் மூடிவிடலாம். டெவலப்புக்கும் மெயினுக்கும் உங்கள் குழுவில் என்ன வேறுபாடு என்று நாளை காலை ஒன்பது பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராது என்று நினைக்கிறேன்.

வாடிக்கையாளர் கிளைகள்தான் உண்மையான நோய். எல்லாக் குழுவிலும் இது ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சின்ன மாற்றம் கேட்பார். மற்றவர்களுக்கு அது வேண்டாம். “இப்போதைக்குத் தனிக் கிளையில் போட்டுக் கொடுத்துவிடுவோம்” என்பார் ஒருவர். அந்த “இப்போதைக்கு” ஆறு ஆண்டு ஓடும். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த இடத்தில் மூன்று வாடிக்கையாளர் கிளைகள் இருந்தன. ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நான்கு முறை செய்ய வேண்டும், நான்கு முறை சோதிக்க வேண்டும். அவற்றைக் கலைக்க எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. அதில் ஆறு மாதம் நிரல் எழுதுவதில் போகவில்லை. ஒவ்வொரு வேறுபாடும் ஏன் வந்தது என்று விசாரிப்பதில் போயிற்று. ஒரு கிளையில், பில்லின் கீழே ஒரு வரி மட்டும் சாய்வெழுத்தில் அச்சாகும்படி ஓர் இருநூறு வரி நிரல் இருந்தது. வாடிக்கையாளரிடம் கேட்டோம். அதைக் கேட்டவர் வேலையை விட்டுப் போய் மூன்று ஆண்டாகிவிட்டது. மற்றவர்கள் அந்தச் சாய்வை அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் இந்த விசாரணைதான். ஒவ்வொரு வாடிக்கையாளர் கிளைக்கும் மெயினுக்கும் உள்ள வேறுபாட்டை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளரை அறிந்த ஒருவரையும் நிரலை அறிந்த ஒருவரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். வேறுபாடுகளில் ஒரு பகுதி செத்துப்போனது, நீக்கலாம். ஒரு பகுதி எல்லோருக்குமே நல்லது; யாரோ சோம்பலில் மெயினுக்குக் கொண்டுவரவில்லை. இன்னொரு பகுதி வெறும் மதிப்பு வேறுபாடு: வரி விகிதம், பில் எண்ணின் வடிவம், பெயர்ப்பலகை. அவை தரவுத்தளத்தில் வாடிக்கையாளர் அமைப்பாக மாறிவிடும். கடைசியில் கையளவுதான் மிஞ்சும், உண்மையிலேயே ஒருவருக்கு மட்டும் வேறாக நடக்க வேண்டிய விதிகள். அவற்றுக்கு நிரலில் வெளிப்படையாக ஓர் இடம் ஒதுக்குங்கள்: தள்ளுபடி விதி இங்கே வந்து செருகிக்கொள்ளும், அச்சு வடிவம் இங்கே வந்து செருகிக்கொள்ளும் என்று. வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லி “இவராக இருந்தால் இப்படி” என்று நிரலெங்கும் தூவிவிடாதீர்கள். அது கிளையைக் கலைத்து முள்ளை விதைப்பது. செருகும் பகுதிகளும் மெயினிலேயே இருக்கட்டும், அவற்றின் டெஸ்டுகளும் மெயினிலேயே ஓடட்டும். தள்ளுபடிச் செயல்கூற்றை ஒருவர் மாற்றினால், அன்றே நான்கு வாடிக்கையாளர்களின் டெஸ்டும் சிவப்பாகும். ஆறு ஆண்டுகளாக உங்களுக்குக் கிடைக்காத தகவல் அது.

பாதி முடிந்த வேலை மெயினில் இருந்தால் என்ன செய்வது என்று உங்கள் மூத்தவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஃபீச்சர் ஃபிளாக் என்ற சுவிட்ச் வைத்து மூடிவைக்கலாம்: நிரல் உள்ளே இருக்கும், யாருக்கும் ஓடாது. ஆனால் ஃபிளாக்கும் ஒரு வகைக் கடன்தான். நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை இதற்குச் சான்று. 2012 ஆகஸ்ட் 1 அன்று அவர்கள் புதிய நிரலை வெளியிட்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் போட்டு, ஒன்றை விட்டுவிட்டார்கள். புதிய நிரலை இயக்க, பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய ஃபிளாக்கையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். எட்டாவது சர்வரில் அந்த ஃபிளாக், நீக்காமல் விட்டிருந்த பழைய நிரலை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். அந்த ஒரு காலையோடு நிறுவனம் தனித்து நிற்கும் வலிமையை இழந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தது. ஃபிளாக்கின் பெயரை ஒருபோதும் மறுபயன்பாடு செய்யாதீர்கள். உருவாக்கும்போதே நீக்கும் தேதியையும் எழுதுங்கள். தேதி கடந்தால் டெஸ்ட் தோற்கும்படி செய்துவிட்டால் இன்னும் நல்லது. அந்த வம்பைச் சில குழுக்கள் வேண்டுமென்றே வைத்துக்கொள்கின்றன.

சரி, கிட்-ஃப்ளோ. இந்த முறையை வின்சென்ட் டிரீசன் 2010 ஜனவரியில் எழுதினார். படம் அழகாக இருந்தது. உலகமே சுவரில் ஒட்டிக்கொண்டது. பத்து ஆண்டு கழித்து, 2020-இல், அவரே அந்தக் கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்: இடைவிடாமல் வெளியிடப்படும் இணையச் செயலிகளுக்கு இதைவிட எளிய முறையே பொருத்தம், பதிப்பு எண் போட்டு வெளியிட்டு, பல பதிப்புகளை ஒரே நேரத்தில் பராமரிப்பவர்களுக்கு இது இன்னும் பயன்படலாம் என்பது அதன் சாரம். உங்கள் நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஏழு வாடிக்கையாளர்கள் உங்கள் சர்வரில். அவர்களுக்கு எப்போதும் ஒரே பதிப்புதான். நான்கு பேர் தங்கள் சர்வரில். அவர்களிடம் பழைய பதிப்புகள் கிடக்கும். உங்கள் மூத்தவர் நான்கு பேரை நினைத்துப் பேசுகிறார், இளையவர் ஏழு பேரை. இருவரும் தங்கள் பாதியில் சரி.

ஆகவே என் பரிந்துரை: எல்லோருடைய வேலையும் மெயினுக்கே வரட்டும். வேலைக்கு ஒரு சிறு கிளை பிரிக்கலாம். இரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில், இன்னொருவர் பார்த்து மெர்ஜ் ஆகிவிட வேண்டும். முடியவில்லை என்றால் வேலையைத் துண்டாக்கத் தெரியவில்லை என்று பொருள், அதைக் கற்றுக்கொடுங்கள். இளையவர் சொல்வதுபோல் கிளையே இல்லாமல் நேராக மெயினில் கமிட் செய்வது, டெஸ்டுகள் வலுவாக இருக்கும் இடத்தில் நன்றாகவே நடக்கும். உங்கள் டெஸ்டுகளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை; அந்த மௌனத்தை வைத்துத்தான் சொல்கிறேன், அந்த வழி இப்போது வேண்டாம். உங்கள் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு மெயினிலிருந்தே வாரம் ஒருமுறை வெளியிடுங்கள். நிறுவிக்கொண்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினிலிருந்து ஒரு ரிலீஸ் கிளை வெட்டுங்கள். அதற்குள் புது வசதி எதுவும் போகக் கூடாது. மெயினில் ஏற்கெனவே போன திருத்தங்கள் மட்டும் செர்ரி-பிக் ஆகி வரும். கடைசி இரண்டு பதிப்புகளைத்தான் பராமரிப்போம் என்று எழுத்தில் கொடுங்கள். மூன்றாவது வெளிவந்ததும் முதல் கிளை மூடப்படும். நான்கு பேருக்கும் இதே கிளைதான், ஆளுக்கொன்று கிடையாது.

கிளை வெட்டும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதில் பிடிவாதமாக இருங்கள். தேதிக்குள் முடியாத வசதி அடுத்த ரிலீஸுக்குக் காத்திருக்கும். ரயில் யாருக்காகவும் நிற்பதில்லை என்ற கொள்கைதான், ஆனால் அடுத்த ரயில் எப்போது என்று தெரிந்தால் மட்டுமே மக்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒரு ரிலீஸ் என்றால் எல்லோரும் கதவைப் பிடித்துத் தொங்குவார்கள். லினக்ஸ் கெர்னலில் புது விஷயங்கள் உள்ளே வர இரண்டு வாரம்தான். பிறகு ஏழெட்டு வாரம் திருத்தம் மட்டும். ஒன்பது பத்து வாரத்தில் புதுப் பதிப்பு. ரஸ்ட் மொழி 2015-இலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. குரோம் 2021-இல் ஆறு வாரத்தை நான்காகக் குறைத்துக்கொண்டது. ஒரு வண்டியை விட்டவருக்கு அடுத்தது விரைவில் வரும் என்பதால் அங்கே யாரும் மேலாளரின் அறை வாசலில் நிற்பதில்லை.

வெளியிட்ட ஒவ்வொன்றுக்கும் குறிப்போடு கூடிய டேக் (ஒரு கமிட்டுக்கு இடும் நிலையான பெயர்) போடுங்கள், போட்ட டேக்கை நகர்த்தாதீர்கள். “சின்னத் தப்புதான், அதே எண்ணிலேயே திருத்திவிடலாம்” என்ற ஆசை வரும். 5.2.0 என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு நிரல்கள் உலவத் தொடங்கினால், வாடிக்கையாளரிடம் இருப்பது எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 5.2.1 போடுங்கள், எண்ணுக்கா பஞ்சம்?

இன்னொரு குழியையும் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் ரிலீஸ் நெருக்கத்தில் எல்லோரும் இதில் விழுவார்கள். ஒரு கிளையை மெயினில் மெர்ஜ் செய்துவிட்டீர்கள், பிரச்சினை வந்தது, அந்த மெர்ஜை ரிவர்ட் செய்தீர்கள். நல்லது. கிளையில் பிழையைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தால், புதிதாகச் செய்த திருத்தம் மட்டும் வரும். பழைய வேலை முழுவதும் வராது. ரிவர்ட் என்பது மாற்றத்தைத்தான் திரும்ப எடுக்கிறது, “இந்தக் கிளை ஏற்கெனவே மெர்ஜ் ஆனது” என்ற வரலாற்றை அழிப்பதில்லை. எனவே முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, பிறகு கிளையை மெர்ஜ் செய்ய வேண்டும். படிக்கும்போது சிரிப்பு வரும். இரவு பதினொரு மணிக்கு வராது.

தரவுத்தளத்தை மறந்துவிடாதீர்கள். நிரலை ஒரு நிமிடத்தில் பழைய பதிப்புக்குத் திருப்பலாம். நீக்கிய நெடுவரிசை திரும்பி வராது. ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் ஒரே ரிலீஸில் மாற்றாதீர்கள். முதல் ரிலீஸில் புதியதைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். பழைய தரவை நகர்த்துங்கள். அடுத்த ரிலீஸில் புதியதிலிருந்து படியுங்கள். எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு இன்னொரு ரிலீஸில் பழையதை நீக்குங்கள். நிறுவிக்கொண்ட நான்கு பேரும் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெயர் வைக்கும் முறை கேட்டிருந்தீர்கள். பணிச்சீட்டின் எண்ணும் இரண்டு மூன்று சொற்களும் போதும். ஆள் பெயரில் கிளை வேண்டாம். இதற்காகக் கூட்டம் போட வேண்டாம்.

எங்கே தொடங்குவது? மெயினைப் பாதுகாக்கப்பட்ட கிளையாக அமைத்து, டெஸ்ட் தேறாமல், இன்னொருவர் பார்க்காமல் எதுவும் உள்ளே போகாதபடி முதல் நாளே பூட்டிவிடுங்கள். “திருத்தம் முதலில் மெயினில்” என்ற விதியையும் அன்றே அறிவியுங்கள். திரும்பி வந்த தள்ளுபடிப் பிழைக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அது மூன்றாம் முறை வரக் கூடாது. அந்த டெஸ்ட் இன்னொன்றுக்கும் உதவும்: எந்த கமிட்டில் பிழை திரும்பியது என்று கிட்டின் பைசெக்ட் கட்டளையிடம் கொடுத்தால், ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் சுமார் பத்தே சோதனையில் பாதி பாதியாகக் கழித்துக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். என் ஊகம் சரியா என்று பார்த்துக்கொள்ளத்தான். பிறகு “எங்கே” கிளைகள் மூன்றையும் மூடுங்கள். வாடிக்கையாளர் கிளைகளைக் கலைக்க மாதங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள். நான்கில் மெயினோடு வேறுபாடு மிகக் குறைவாக உள்ளதை முதலில் எடுங்கள். ஒன்று கலைந்து, அந்த வாடிக்கையாளர் பொது ரிலீஸுக்கு வந்து, வானம் இடிந்து விழவில்லை என்று குழு கண்ணால் பார்த்தால் மற்ற மூன்றுக்கும் துணிவு வரும். அதுவரை மெர்ஜ் வாரம் முழுதாக ஒழியாது. ஒரே மோதலைத் திரும்பத் திரும்பத் தீர்க்கும் சலிப்பைக் குறைக்க, கிட்டில் ரீரீரீ என்றொரு வசதி உண்டு. ஒருமுறை தீர்த்த விதத்தை நினைவில் வைத்து அடுத்த முறை தானே தீர்த்துவைக்கும். பெயரைக் கண்டு ஓடாதீர்கள்.

ஒவ்வொரு ரிலீஸ் கிளைக்கும் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்: எந்தத் திருத்தம் உள்ளே வரலாம் என்று முடிவு சொல்பவர் அவர் ஒருவரே. ஆனால் சுழற்சி முறையில் மாறி வரட்டும். எப்போதும் அந்த மூத்தவரே செய்துகொண்டிருந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில் ரிலீஸும் விடுப்பில் போகும். அடுத்த ரிலீஸை அந்த இளையவரிடம் கொடுத்துப் பாருங்கள், பழைய பதிப்பில் நிற்கும் நான்கு வாடிக்கையாளர்களோடு அவரும் பேசட்டும்.

கடைசியாக, கிடக்கும் அந்த நூறு பழைய கிளைகள். மெயினில் மெர்ஜ் ஆகிவிட்டவற்றைப் பட்டியலிடக் கிட்டிலேயே கட்டளை இருக்கிறது; அவற்றைப் பயமின்றி அழியுங்கள். கிளை என்பது அந்த 41 பைட் சுட்டிதான். அதை நீக்கினாலும் கமிட்டுகள் மெயினின் வரலாற்றில் அப்படியே இருக்கும். எல்லா மாற்றங்களையும் ஒரே கமிட்டாக அமுக்கி மெர்ஜ் செய்யும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்தக் கிளைகள் இந்தப் பட்டியலில் வராது; அவற்றைப் பணிச்சீட்டு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். மெர்ஜ் ஆகாத கிளைகளை அழித்தால்தான், எதுவும் சுட்டாத கமிட்டுகளை நாளடைவில் கிட் குப்பையில் போட்டுவிடும். அவை ஒவ்வொன்றின் முனையிலும் “பழையது” என்று தொடங்கும் ஒரு டேக் போட்டு, சர்வருக்கு அனுப்பிவிட்டு, பிறகு கிளையை அழியுங்கள். யாராவது கேட்டால் டேக்கிலிருந்து ஒரு நொடியில் கிளையை மீட்கலாம்.